மெழுகு காய்வதற்குள்

– அங்க இல்லீங்க, பின்னாடி கதவுல, கீழ மூலையில. முதல்ல யாரு கண்ணுக்கும் படாத எடத்துல தேய்ச்சுப் பாருங்கன்னு எத்தனை தடவ சொல்றது?

– பார்த்தாச்சு பாக்கியம். நீ சொன்ன தேங்காயெண்ணெய் பளபளன்னுதான் இருந்துச்சு. அந்தப் பக்கமா ஒரு சைக்கிள் போச்சு, ரோட்டுப் புழுதி பூரா வந்து அப்பிக்கிச்சு. இப்பக் கதவு அதிரசம் மாதிரி இருக்கு.

– அப்பக் கஞ்சித் தண்ணி?

– கஞ்சி போட்டு விறைப்பா நிக்கிறதுக்கு இது என்ன வேட்டியா? ஒஸ்டின் காரு!

– நான் எதைச் சொன்னாலும் உங்களுக்குக் கேலி. காலையில பசியாறினதிலிருந்து பார்க்கிறேன். மண்ணெண்ணெய்ங்கிறீங்க, பல்பொடிங்கிறீங்க, புளிங்கிறீங்க. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஒரு மனுஷன் முதுகை நிமித்த வேணாமா?

– மட்கார்டுல புள்ளி புள்ளியா இருந்த தாரை மண்ணெண்ணெய் எடுத்துச்சா இல்லையா? பல்பொடி கண்ணாடிய வெளுத்துச்சா இல்லையா? பம்பரப் பாரு, புளி போட்டதுல உன் மூஞ்சி தெரியுது.

– என் மூஞ்சி பூசணிக்கா மாதிரி தெரியுது. நாளைக்குப் பல்லு விளக்கக் கரியைத் தொட்டுக்கங்க. குழம்புக்குப் புளியும் கேக்காதீங்க.

– சரி விடு. சீட்டு என்னாச்சு? அந்த நாத்தம் போச்சா?

– எங்க போகுது. தெங்கேராத் தெரு மீன்காரம்மாவ இத்தனை வருஷம் ஏத்தி இறக்கின சீட்டு. கருவாடு, இறால் பெலாச்சான், டுரியான் பழம் எல்லாம் ஒண்ணாக் குடித்தனம் பண்ணுது. கரித்துண்டு வெச்சேன், காப்பித்தூளைத் தூவினேன். கடைசியா வாசனைக்குப் பாண்டான் இலையை அள்ளிப் போட்டிருக்கேன். இப்ப கருவாட்டுக் கடையில பாயாசம் காய்ச்சின மாதிரி மணக்குது.

– சீட்டுக்கு அடியில துடைச்சியா?

– துடைச்சேன். ரெண்டு கொண்டை ஊசி, ஒரு வெத்தலைப் பொட்டலம், ஒரு கிலுகிலுப்பை. எந்தப் புள்ளையோடதோ தெரியல.

– எங்கிட்டக் குடு. வெச்சுக்கிறேன்.

– எதுக்கு? கேட்டுக்கிட்டு யாரும் வரப்போறாங்களா? நாமளே இங்க இருக்கப்போறதில்ல.

– ஆமா. மறந்துட்டேன்.

– என்னமோ போங்க.

– சாயங்காலம் சின்னப்பா வந்து பார்க்கப்போறாரு. அடுத்த தெருக்காரர்தான், தெரிஞ்சவர்தான், டாக்சியா ஓடின காருன்னு தெரிஞ்சுதான் கேக்கிறாரு. அதுக்காக அலங்கோலமாவே குடுக்க முடியுமா? வித்தாத்தானே கப்பல் ஏற முடியும்?

– ஆமாமா. வித்தாத்தான்.

– என்ன இழுக்கிற?

– ஒண்ணும் இல்ல. கை வலிக்குது. இந்தச் சேலைத் துணியும் நைஞ்சு போச்சு. வேற கிழிக்கவா?

– கிழி. அப்படியே அந்த டின்னக் கொண்டா. சீனத் தவுக்கே கடையில வாங்கின மெழுகு. அதையும் பார்த்துடுவோம்.

– மெழுகா? மெழுகுறதுன்னா எனக்குத் தெரிஞ்சது சாணியும் தண்ணியும்தான். சொல்லுங்க, கரைச்சுக் கொண்டாறேன்.

– கிண்டல் பண்ணாத. இதை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லிலின் குடுன்னேன். அந்த ஆளு ஒரு கட்டு மெழுகுவத்திய எடுத்து முன்னாடி வைக்கிறான். இல்லப்பா, லிலின், காருக்குன்னேன். ஏன், உன் கார்ல விளக்கு எரியலையாங்கிறான். மலாய்ல ரெண்டுக்கும் அதே பேரு, நான் என்ன செய்யட்டும்? கடைசியில கல்லாப் பெட்டிய பூனையத் தடவுற மாதிரி தடவிக் காட்டினேன். கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க.

– வார்த்தை ஒண்ணு, சாமான் ரெண்டு. பாவம் தவுக்கே, அவரு காதுல எது விழுந்துச்சோ அதைக் குடுத்தாரு.

– நீ தவுக்கேவுக்கே பரிஞ்சு பேசு.

– டின்னு மேல என்னமோ எழுதியிருக்கே?

– இங்கிலீசு. நீ படத்தைப் பாரு. வெள்ளைக்காரி ஒருத்தி தொப்பி போட்டுக்கிட்டு ஒத்தக் கையால துடைக்கிறா. சிரிச்சுக்கிட்டே துடைக்கிறா.

– அவளுக்கு இடுப்பு வலி இருக்காது.

– தடவணும், காய விடணும், அப்புறம் துடைக்கணும். அவ்வளவுதான்னான்.

– நெழல்லயா வெயில்லயா? கேட்டீங்களா?

– கேக்கல.

– ரம்புத்தான் மரத்தடியில தள்ளிக்கலாமே. வாங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்.

– எதுக்கு அலையிற? வெயில்லயே இருக்கட்டும். சீக்கிரம் காயும்.

– உங்க இஷ்டம். எதுலதான் நான் குறுக்க நின்னிருக்கேன்?

– மெல்லிசாத் தடவு. வெண்ணெய் மாதிரி அப்பாத.

– அப்பல. நீங்க ஏன் அப்படி மூச்சு வாங்குறீங்க? உக்காருங்க கொஞ்சம். தண்ணி கொண்டாரவா?

– வேணாம். உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. தினம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி, பாசார், கோர்ட்டுன்னு சுத்தும்போது கூட இப்படி அலுப்பா இருந்ததில்ல. இன்னிக்குச் சும்மா துணியப் போட்டுத் தேய்க்கிறேன், உசிரு போகுது.

– எனக்கும் அப்படித்தான் இருக்கு. பெட்டி கட்ட ஆரம்பிச்ச நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கு.

– அங்க போயி நல்லா ஓய்வெடுத்துக்கலாம். உன் அண்ணன் வீட்டுல தின்ன, தூங்க, வேற என்ன வேலை?

– அண்ணன் முகமே எனக்கு நெனப்புல இல்ல. பதினாறு வயசுல கப்பல் ஏத்தி விட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க அங்க? அந்தப் பக்கம் தலை வெச்சும் படுத்ததில்ல. ஜாசின் பக்கம் கித்தாத் தோட்டத்துல, ரப்பர்ப் பால் நாத்தத்துல பொறந்து, ரம்புத்தான் தின்னு வளர்ந்தவரு.

– எனக்கென்ன. நீ எங்க இருக்கியோ அங்க.

– ஆட்டுக்கல்ல பக்கத்து வீட்டுச் சாரதாம்பாளுக்குக் குடுத்துட்டேன். சொன்னேனா?

– சொன்னே.

– கோழியெல்லாம் சின்னப்பா பொண்டாட்டி மீனாச்சிக்கு.

– அதையும் சொன்னே. ரெண்டு தடவ சொன்னே.

– சொன்னா என்ன? நமக்குப் புள்ளையா குட்டியா? கோழியையும் இந்தக் காரையும் தவிர நாம எதை வளர்த்தோம்?

– சரி விடு பாக்கியம். மேல தடவு, பானட்டுக்கு வா.

– வந்துட்டேன். இங்க பாருங்க, இந்த எடத்தை விட்டுட்டீங்க.

– எங்க?

– இங்க. சுத்திச் சுத்தித் தடவியிருக்கீங்க, நடுவுல இந்தக் கீறலை மட்டும் அப்படியே விட்டுட்டீங்க. காலையில மண்ணெண்ணெய் போட்டப்பவும் இதைத் தொடல. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

– அது ஆழமான கீறல். போகாது.

– தேய்ச்சுப் பார்த்தீங்களா?

– போகாதுன்னா போகாது.

– இது என் மெட்டி.

– தெரியும்.

– போன வருஷம் திடல்ல. சுதந்திரத்துக்குத் தேதி சொல்லப்போறாங்கன்னு மலாக்காவே அங்க திரண்டு நின்னுச்சு. நான் குட்டைச்சி. தலை தலையாத் தெரியுது, வேற ஒண்ணும் தெரியலன்னேன். என்னை அலாக்காத் தூக்கி பானட்டு மேல நிறுத்தினீங்க. அத்தனை ஜனத்துக்கு நடுவுல! வெக்கத்துல செத்துட்டேன்.

– செருப்பைக் கழட்டிட்டு ஏறுன்னேன். மெட்டிய யாரு நெனச்சா?

– எல்லாரும் கத்தினப்ப நானும் சேர்ந்து கத்தினேன். எதுக்குன்னே தெரியாம துள்ளினேன் போல.

– துள்ளினே. அதான் இவ்வளவு நீளத்துக்கு இழுத்திருக்கு.

– அப்புறம் ரெண்டு நாள் என்னோட பேசல நீங்க.

– புதுசா பெயிண்ட் அடிச்ச சூடு ஆறல. கோவம் வராதா?

– அப்ப அவ்வளவு கோவப்பட்டவரு, இப்ப ஒரு தேய் தேய்ச்சுப் பார்க்கக்கூடாதா? வாங்கப்போற மனுஷன் கண்ணுக்கு இதுதான் முதல்ல படும்.

– தேய்ச்சா போயிடும் பாக்கியம். அதான் தேய்க்கல.

– அப்புறம் ஏங்க இந்தக் காரை...

– யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க பாரு.

– அபாங் கலியாணம்! ஓய் அண்ணே! வீட்டுல இருக்குதா?

– வாங்க சின்னப்பா, வாங்க. சாயங்காலம் வரேன்னீங்களே?

– மீனாச்சி பொறுக்கல லா. போ, போ, வேற ஆளு வாங்கிக்கும்னு தள்ளி விட்டுச்சு. அலாமாக்! என்ன அபாங் இது? காருக்கு முடி எல்லாம் நரைச்சுப் போச்சு!

– மெழுகு சின்னப்பா. லிலின். வெயில்ல காஞ்சு வெள்ளையாப் பூத்துடுச்சு. துடைச்சாப் போயிடும்.

– எங்கேங்க போகுது? கல்லு மாதிரி இறுகிப் போச்சு. நானும் தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

– அப்படியா? பார்க்கவே நல்லா இல்ல, இல்லீங்களா சின்னப்பா? மனசுல பட்டதைச் சொல்லுங்க. வேணாம்னு தோணினா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்.

– மழை பேஞ்சா இஞ்சினும் இருமும் சின்னப்பா. சீட்டுல கருவாட்டு நாத்தம்.

– பாக்கியம்!

– உள்ளதைத்தானே சொல்றேன். நாளைக்கு அவரு நம்மள ஒரு வார்த்தை சொல்லக்கூடாது பாருங்க.

– தாக் அபா, பரவாயில்ல அக்கா. மழை வந்தா நானும் இருமும். கருவாடு எங்க வீட்டுல தினம் பொரிக்குது.

– பானட்டுல பெரிய கீறல் இருக்கே, அதைப் பார்த்தீங்களா? இந்தா, இங்கிருந்து இதுவரைக்கும். அது போகவே போகாது.

– பார்த்தேன் அபாங். பாகுஸ்! நல்லதுதான். கீறல் இருக்கிற காரு மேல யாரு கண்ணும் படாது. சின்னப் புள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கும் இல்ல? அது மாதிரி.

– ஓ.

– நான் எடுத்துக்கிறேன். ஆனா ஒரு கேள்வி அபாங். என் தமிழ் கொஞ்சம் கோணல், கோவிச்சுக்காதீங்க. நம்ம மலாக்கா செட்டி ஆளுங்களுக்குச் சாமிகிட்ட மட்டும்தான் தமிழ். சண்டை, கொஞ்சல் எல்லாம் மலாய்தான். நீங்க ஏன் போகுது? எங்க தாத்தா, அவரோட தாத்தா, எல்லாரும் இங்கதான் செத்தாங்க. யாராவது உன் ஊரு எதுன்னு கேட்டா, இந்தக் காஜா பேராங் தவிர என் வாயில வேற பேரு வராது. அடுத்த மாசம் மெர்டேக்கா, சுதந்திரம். ரோடு முழுக்கக் கொடி தைக்கிறாங்க. நீங்க மட்டும் பெட்டி கட்டுது.

– என்ன பண்றது சின்னப்பா. முடிவு பண்ணியாச்சு.

– ஆமாங்க. முடிவு பண்ணியாச்சு.

– யாரு பண்ணது முடிவு?

– யாருன்னா... ரெண்டு பேரும் சேர்ந்துதான்.

– சரி, சரி. நான் போய் மீனாச்சியக் கூட்டிட்டு வரேன். வெத்தலைத் தட்டு எடுத்து வரும். வெத்தலை மாத்தாம எங்க வீட்டுல ஒரு பானை கூட கைமாறாது. மாத்திட்டா முடிஞ்சுது, அப்புறம் பேச்சு மாறக்கூடாது. அக்கா, சொல்ல மறந்துட்டேன், உங்க கோழி!

– ஏன், என்னாச்சு? சீக்கு கீக்கு வந்துடுச்சா?

– நல்லாத்தான் இருக்குது. பகல் பூரா எங்க வீட்டு அரிசி தின்னுது, பொழுது சாய்ஞ்சா வேலியத் தாண்டி இங்க வந்துடுது. தினமும் மீனாச்சி வந்து பிடிச்சிட்டுப் போகுது. உங்களுக்குத் தெரியாதா?

– தெரியும். கூடையில நாந்தானே பிடிச்சுக் குடுக்கிறேன்.

– கெட்டிக்காரக் கோழி லா. வரேன் அபாங், ஒரு நிமிஷம்.

– போயிட்டாரு.

– ம்.

– எடுத்துக்கிறாராம்.

– ம். நரைச்ச முடியப் பார்த்தும்.

– கீறலப் பார்த்தும்.

– இருமுதுன்னு சொல்லியும். ஏன் பாக்கியம் அப்படிச் சொன்னே? எப்பவோ ஒரு தடவ இருமினதை இப்பச் சொல்லணுமா?

– நீங்க மட்டும்? வலிய இழுத்துட்டுப் போயிக் கீறலைக் காட்டினீங்களே! விக்கிற மனுஷன் செய்யிற வேலையா அது?

– சரி, அந்தத் துணியக் குடு. அவங்க வரதுக்குள்ள இந்த மெழுகையாவது சுரண்டி எடுப்போம்.

– நெழல்ல தள்ளிக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு, நெழல்ல காய வை, வெயிலு பட்டா கெட்டுடும்னு பட்டறைக்காரன்கிட்ட சண்டை போட்டவரு நீங்க. இன்னிக்குச் சொல்லச் சொல்ல வெயில்ல விட்டீங்க.

– தேங்காயெண்ணெய் தடவச் சொன்னது யாரு? கோயில்ல நாள் தவறாம விளக்கு தேய்க்கிறவ நீ. எண்ணெய்ப் பிசுக்குல புழுதி ஒட்டும்னு உனக்குத் தெரியாதா?

– தெரியும்.

– தெரிஞ்சுமா சொன்னே?

– தெரிஞ்சுதான் சொன்னேன். நீங்க?

– நீ முதல்ல காரணத்தைச் சொல்லு.

– எனக்குப் போக மனசில்லீங்க. போதுமா? சொல்லிட்டேன். ஆட்டுக்கல்ல அவங்க உருட்டிக்கிட்டுப் போனப்ப வாசல் வரைக்கும் பின்னாடியே போனேன். கோழி திரும்பி வரும்போதெல்லாம் அதுங்களக் கட்டிக்கிட்டு அழுதேன். அங்க எனக்கு யாரைத் தெரியும்? இந்தத் தெருவுல கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன், அங்க வாசப்படி எதுன்னு கேட்டுத்தான் போகணும். ஆனா நீங்க ஆசைப்பட்டுட்டீங்க. கட்டிக்கிட்ட நாளிலிருந்து உங்களுக்குன்னு எதையும் கேட்காத மனுஷன் நீங்க. அதான் வாயை மூடிக்கிட்டுப் பெட்டியக் கட்டினேன்.

– நான் ஆசைப்பட்டேனா? ஏ பாக்கியம், என்ன பேசுற நீ? நீதானே சாரதாம்பாள்கிட்டப் போயி, நாங்க ஊருக்குப் போறோம்னு சொல்லிட்டு வந்தே? கோயில்ல அர்ச்சனை வேற பண்ணினே. தெரு பூரா எங்கிட்ட துக்கம் கேட்டாங்க. உனக்கு அண்ணன் நெனப்பு வந்துடுச்சு, இத்தனை வருஷம் இவளை இங்க கட்டிப் போட்டுட்டோமேன்னு நான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன். போகட்டும், காரு என்ன பெரிய காருன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இன்னிக்கு இந்த வண்டியத் தொட்டதும் கை வரல. அதான் வெயில்ல விட்டேன்.

– எனக்கா அண்ணன் நெனப்பு? நானா கிளப்பினேன்? நீங்கதானே சொன்னீங்க!

– நான் எப்பச் சொன்னேன்?

– செந்தூல்ல, அவ்வளவு தூரம் காரோட்டிக்கிட்டுப் போயி ராத்தங்கினோமே. ஜெயபாலன் கல்யாண வீட்டுல. மறந்துட்டீங்களா? அன்னிக்கு அங்க அதே பேச்சுதானே? யாரு கப்பல் ஏறப்போறா, யாரு இங்கயே குடியுரிமைக்கு எழுதிக் குடுத்திருக்கா, மெர்டேக்கா வந்தா நம்ம கதி என்னன்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டிருந்தாங்க. நீங்க மட்டும் ஒரு வார்த்தை பேசல. பந்தக்கால்ல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டிருந்தீங்க. நான் மோர் கொண்டு வந்து குடுத்தேன். என் கையைப் பிடிச்சு, அலுத்துப் போச்சு பாக்கியம், ஊருக்கே போயிடலாம்னு சொன்னீங்க. அப்படி ஒரு குரல்ல நீங்க பேசி நான் கேட்டதே இல்ல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சரிங்கன்னு சொன்னேன். அதுக்கு மேல கேக்கத் தைரியம் வரல.

– அடக் கடவுளே!

– ஏங்க, என்னாச்சு? தோ, அவங்க வராங்க, தட்டோட வராங்க.

– அபாங்! மீனாச்சி வந்தாச்சு! வெத்தலை, பாக்கு எல்லாம் வந்தாச்சு லா!

– அழறீங்களா, சிரிக்கிறீங்களா? என்னைப் பார்த்துச் சொல்லுங்க. ஊருக்கே போயிடலாம்னு சொன்னீங்களா, இல்லையா?

– சொன்னேன் பாக்கியம். கண்ட எடத்துல படுத்து, கொசுக்கடியில தூக்கம் கெட்டு, அவங்க பேச்சக் கேட்டுத் தலை வெடிச்சுப் போயிச் சொன்னேன். காரை எடுக்கிறேன், ஏறு, நம்ம காஜா பேராங்குக்குப் போயிடலாம்னுதான் அப்படிச் சொன்னேன்.